சிவாஜிக்கு வம்சாவளி எழுதியது யார்?

(இளைஞர்களுக்கான படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடிகர் கணேசனுக்கு 'சிவாஜி' என்ற பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜியாக நடித்தார். பெரியார் அந்தப் பெயரைச் சூட்டினார். அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் அந்த நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. வாளால் நாட்டை வென்ற ஒருவர், முடிசூடிக்கொள்ளப் பார்ப்பனரின் சம்மதத்துக்காகக் காத்து நின்றதைப் பற்றியது அது. அவர் பிறந்த போன்ஸ்லே குலத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

யார் இந்த போன்ஸ்லேக்கள்? எல்லோரா குகைகளுக்குப் பக்கத்தில் உள்ள வேருள் முதலான ஊர்களில் பாட்டீல்களாக இருந்தவர்கள். பாட்டீல் என்றால் ஊர்த் தலைவர். நிலம் வைத்திருப்பார், ஊர் வரியை வசூலித்துக் கொடுப்பார். சிவாஜியின் தாத்தா மாலோஜி, அகமதுநகர் நிஜாம்ஷாகி அரசில் படைத்தலைவராக உயர்ந்தார். ஷா ஷரீப் என்ற சூஃபி பெரியவரிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகள் என்பதால் ஷாஹாஜி, ஷரீப்ஜி என்று பெயர் வைத்தார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கும் மரபு. இன்று சிவாஜி படத்தைத் தூக்கிக்கொண்டு இசுலாமியர் வீடுகளுக்கு முன்னால் கோஷம் போடுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மராத்தா குலங்களுக்கு 'தேவக்' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு குலத்துக்குக் கடம்ப மரம், இன்னொன்றுக்குச் சங்கு, வேறொன்றுக்கு ஐந்து மரங்களின் தழை என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். திருமணத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்து வணங்குவார்கள். ஒரே தேவக் உள்ளவர்கள் தங்களுக்குள் மணம் செய்வதில்லை. மரத்தையும் இலையையும் உறவாக நினைக்கிற இந்த வழக்கம் உழுகுடிகளிடம் இருந்து வந்தது. சூரிய வம்சம், சந்திர வம்சம் என்பதெல்லாம் அதன்மேல் பிறகு பூசப்பட்ட சாயம். குன்பி என்கிற உழவனுக்கு நிலமும் குதிரையும் பதவியும் வந்தால் அவன் மராத்தா ஆகிவிடுவான் என்று அந்த ஊர் மக்களே சொல்வார்கள்.

இப்போது 1674க்கு வருவோம். சிவாஜியிடம் கோட்டைகள் இருந்தன, படை இருந்தது, கருவூலம் இருந்தது. முடிசூட மட்டும் முடியவில்லை. கலியுகத்தில் சத்திரியரே கிடையாது, இவரோ பூணூல் அணியாதவர், இவருக்கு எப்படி வேத முறையில் பட்டாபிஷேகம் என்று பார்ப்பனர்கள் எதிர்த்தார்கள். தீர்வு காசியில் இருந்து வந்தது. காகபட்டர் வந்தார். போன்ஸ்லேக்கள் மேவாரின் சிசோதியா ராஜபுத்திரர் வழிவந்தவர்கள் என்று ஒரு வம்சாவளி முன்வைக்கப்பட்டது. 44 வயதில் சிவாஜிக்குப் பூணூல் போட்டார்கள். ஏற்கெனவே மணந்த மனைவியரையே வேத முறைப்படி மறுபடியும் மணக்க வைத்தார்கள். அதன் பிறகுதான் ஜூன் 6ஆம் நாள் ராய்கட் கோட்டையில் முடி ஏறியது.

அந்த வம்சாவளியை நம்புகிற வரலாற்றாசிரியர்களும் உண்டு, ஜதுநாத் சர்க்காரைப் போல அதைப் புனைவு என்று தள்ளியவர்களும் உண்டு. என் கேள்வி வேறு. ராஜபுத்திரர் என்று காட்டாமல், உழவர் வீட்டுப் பிள்ளையாகவே அவர் ஏன் முடிசூட முடியவில்லை? வாளுக்குக் கிடைத்த அதிகாரத்தைச் செல்லுபடியாக்கும் முத்திரை வேறொருவர் கையில் இருந்தது. சாதி என்பது அதுதான்.

இந்தக் குலத்தின் ஒரு கிளை நம் தஞ்சைக்கும் வந்தது. சிவாஜியின் தந்தைக்கு இன்னொரு மனைவி வழிப் பிறந்த ஏகோஜிதான் அதைத் தொடங்கியவர். 1803இல் இரண்டாம் சரபோஜி காலத்தில் போன்ஸ்லே குல வரலாற்றை மராத்தியில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அதற்குள் ஆட்சி அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. மிஞ்சியது குலப்பெருமையும் அதை எழுதச் சுவரும்தான்.

சரி, அத்தனை சடங்கும் செய்து வாங்கிய சத்திரிய முத்திரையாவது நிலைத்ததா? 1899இல் கோல்ஹாப்பூர் அரசர் சாகு மகராஜ் பஞ்சகங்கை ஆற்றில் நீராடப் போனார். புரோகிதர் வேத மந்திரம் சொல்லாமல் புராண மந்திரம் சொன்னார். கேட்டால், சூத்திரருக்கு வேத மந்திரம் கிடையாது என்றார். நாட்டை ஆளும் அரசர், சம்பளம் வாங்கும் புரோகிதரின் கண்ணுக்குச் சூத்திரர்! திலகரும் 1901இல் கேசரி ஏட்டில் பார்ப்பனர் பக்கம் நின்றே எழுதினார். இத்தனைக்கும் சாகு பிறப்பால் போன்ஸ்லே அல்ல. காகல் ஊர் காட்கே குடும்பத்தில் பிறந்து, 1884இல் தத்தெடுக்கப்பட்டவர். குலப் 'புனிதம்' எவ்வளவு உறுதியானது என்று பாருங்கள்.

சாகுவும் முதலில் நானும் சத்திரியன்தான் என்றே வாதாடினார். அதோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பேச மாட்டோம். 1902 ஜூலை 26 அன்று, அரசுப் பணியில் காலியாகும் இடங்களில் 50 விழுக்காட்டைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கி ஆணையிட்டார். 1920இல் மாண்காவ் மாநாட்டு மேடையில் இளைஞர் அம்பேத்கரோடு நின்றார். ஏணியில் நமக்கொரு படி கேட்பது ஒரு வழி. ஏணியையே கேள்வி கேட்பது இன்னொரு வழி. சாகு முதல் வழியில் தொடங்கி இரண்டாவதை நோக்கி நடந்தார்.

ஜோதிராவ் புலே அந்த இரண்டாவது வழியில்தான் தொடங்கினார். 1869இல் சிவாஜியைப் பற்றி அவர் எழுதிய கதைப்பாடலில் சிவாஜி உழவர் குலத்தின் பெருமை. சிசோதியாவும் வேண்டாம், காகபட்டரும் வேண்டாம்.

ஆனால் ஊரில் வென்றது சத்திரியப் பெருமைதான். அதன் அடி யார்மேல் விழுந்தது? மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. அந்த வன்முறையில் ஆதிக்க மராத்தாக்கள் முன்னணியில் நின்றார்கள். பெயர் மாற்றம் நடைமுறைக்கு வர 1994 ஆனது. மேலே இருப்பவன் பூணூலைக் காட்டி அவமதித்ததற்கு, கீழே இருப்பவன் குடிசையில் பழி தீர்க்கிற புத்தி இது.

கடைசியாக ஒன்று. 2023இல் மராத்தா இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நிஜாம் காலத்து ஆவணங்களில் மராத்தாக்களின் முன்னோர் 'குன்பி' என்று பதிவாகியிருக்கிறார்களா என்று தேடுவது அதன் வேலை. 1674இல் நாங்கள் உழவர் அல்ல, சத்திரியர் என்று காட்டத் தாள் தேவைப்பட்டது. 349 ஆண்டு கழித்து நாங்கள் சத்திரியர் அல்ல, உழவர்தான் என்று காட்டத் தாள் தேவைப்படுகிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. விவசாயம் கைவிட்டு, வேலையில்லாமல் நிற்கும் இளைஞனின் துயரம் உண்மையானது. சத்திரியப் பட்டம் அவனுக்கு ஒரு வேளைச் சோறு போடவில்லை என்பதும் உண்மை.

நம் ஊரிலும் 'ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். உங்கள் நண்பர்களும் அதைப் பகிர்ந்திருப்பார்கள். அவர்களிடம் சண்டை போடாதீர்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஆண்ட பரம்பரைக்கே ஆற்றங்கரையில் என்ன மரியாதை கிடைத்தது என்று சொல்லுங்கள். அதன் பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் தாத்தா உழுதார் என்று சொல்வதில் நமக்கு என்ன வெட்கம்?