குண்டோசையும் வாக்குச்சீட்டும்

தில்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பொன்றில் நெடுங்காலம் வாழ்ந்தவன் நான். சரோஜினி நகர்ச் சந்தை அங்கிருந்து நடந்தே போய்வரக்கூடிய தொலைவுதான். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், சனிக்கிழமை மாலை, தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே இருக்கையில், ஜவுளியும் பட்டாசும் வாங்கத் திரண்ட கூட்டத்தின் நடுவே அந்தச் சந்தையில் குண்டு வெடித்தது. அதே மாலையில் பஹாட்கஞ்சிலும் கோவிந்தபுரியிலும் குண்டுகள் வெடித்தன. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாங்கி வைத்திருந்த மத்தாப்பைக் கொளுத்த அவ்வாண்டு எங்கள் வரிசையில் எந்தக் குழந்தைக்கும் மனம் வரவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் மாடிப்படியருகே மாலைதோறும் கூடும் தமிழ் நண்பர்கள் எதைப் பற்றியும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறவர்கள். வெங்காய விலை, பதவி உயர்வு, ரயிலில் இடம் கிடைக்காமை என எதுவும் வாதத்துக்கு விலக்கல்ல. அந்த வாரம் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: யார் செய்தார்கள், காவலர் எங்கே போனார்கள். மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. அச்சம் புகுந்த வீட்டில் மற்ற விஷயங்கள் தாமாகவே வெளியேறிவிடுகின்றன.

அந்த நாட்களில்தான் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் அலுவலக நண்பர் ஒருவரின் தமக்கை யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆகவே எங்களுக்கு அது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரைப் பாராளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கையிலோ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்தும் அதிகாரம் முழுவதும் ஜனாதிபதியிடம் குவிந்தது. அவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மனிதரிடம் இத்தனை அதிகாரம் சேரும்போது, அவரைக் கொன்றால் நாட்டின் போக்கையே மாற்றிவிடலாம் என்று எண்ணுவோரும் தோன்றிவிடுகிறார்கள். முதல் தேர்தல் 1982இல் நடந்தது. வாக்காளரில் நூற்றுக்கு 81 பேர் வாக்களித்தனர். அடுத்த தேர்தலான 1988இல் அது 55ஆகத் தாழ்ந்தது. தென்பகுதியில் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜனதா விமுக்தி பெரமுன, வாக்களிப்போருக்குக் கொலை மிரட்டல் விடுத்திருந்தது. வாக்கைத் தடுத்ததோடு அந்த மிரட்டல் நிற்கவில்லை. இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்பது கிளர்ச்சிக்காரரின் கோரிக்கை. பிரேமதாசாவும் அவரை எதிர்த்து நின்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவும் மேடையில் அதையே வாக்குறுதியாக்கிக்கொண்டனர். வேட்பாளராக நில்லாத ஒருவன், வேட்பாளர் இருவரின் வாயிலும் தன் சொல்லை வைத்துவிட்டான் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

பிரேமதாசா 1993 மே தின ஊர்வலத்தில் கொல்லப்பட்டார். 1994 அக்டோபரில், தேர்தலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரமே இருக்கையில், ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் காமினி திசாநாயக்கா பிரசாரக் கூட்டத்திலேயே குண்டுக்கு இரையானார். அவருடைய மனைவி அவருக்குப் பதிலாக நின்று தோற்றார். வென்ற சந்திரிகா குமாரதுங்காவை 1999 டிசம்பர் 18 அன்று, வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு, கொழும்பு நகர மண்டபத்தருகே குண்டு தாக்கியது. வலக் கண்ணின் பார்வையை இழந்த அவர், கண்ணில் கட்டுடனேயே மறுபடி பதவி ஏற்றார். அனுதாபத்தால் வென்றார் என்போர் உண்டு. அனுதாபத்தை அளக்கும் படியை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் அந்தக் கடைசி மூன்று நாளில் அவருடைய ஐந்தாண்டு ஆட்சியைக் குறை சொல்லிப் பேச எவருக்கு நா எழும்பியிருக்கும்?

2005 நவம்பர் 17க்கு வருவோம். ஒருபக்கம் 2002இல் புலிகளோடு போர் நிறுத்தம் செய்துகொண்ட ரணில் விக்கிரமசிங்கா. மறுபக்கம் மஹிந்த ராஜபக்ஷா. தமிழர் வாழும் வடக்கில் தேர்தலைப் புறக்கணிக்கும்படி அழைப்பு எழுந்தது. அதன் பின்னே புலிகளின் கை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளரும் அச்சுறுத்தலைத் தம் அறிக்கையில் குறித்தனர். யாழ்ப்பாண மாவட்டப் பட்டியலில் ஏழு லட்சம் பெயர்கள் இருந்தன. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல்தான் வாக்களித்தனர். ராஜபக்ஷா வென்ற வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு. நண்பர் தொலைபேசியில் கேட்டதற்கு, "சாவடி திறந்துதான் கிடக்குது தம்பி, தெருவிலே ஆளில்லை" என்று தமக்கை சொன்னாராம். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. நாலாண்டுக்குள் போர் எப்படி முடிந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

போர் முடிந்து பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொழுகைக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர் பலர் அவர்களில் இருந்தனர். ஒரு வாரம் கழிவதற்குள் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ஷா தாம் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாகக் கூறிவிட்டார். நவம்பரில் நடந்த தேர்தலின் முதற்சொல்லும் முடிவுச்சொல்லும் தேசியப் பாதுகாப்பே. எதிர்த்து நின்றவர் சஜித் பிரேமதாசா. குண்டுக்கு இரையான ஜனாதிபதியின் மைந்தர். அவரும் முன்னாள் படைத்தலைவர் சரத் பொன்சேகாவிடம் பாதுகாப்பை ஒப்படைப்பேன் என்றே மேடையில் பதில் சொல்ல நேர்ந்தது. இடையில் முஸ்லிம் மக்கள் பட்ட பாடு பெரிது. மே மாதம் வடமேற்கில் அவர்களுடைய கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூனில் முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் ஒருசேரப் பதவி விலகினர். சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே பிணை நின்றது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது. தாக்குதல் வரப்போகிறதென்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தது. அதை மேசையில் கிடக்கவிட்டவர் யார்? ஜனாதிபதி சிறிசேனாவும் பிரதமரும் ஒருவரோடொருவர் பேசாதிருந்த பூசலில் அது முழுகிற்று. இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில்தான் சிறிசேனா கடமை தவறினார் என்று கண்டு, பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. தேர்தல் காலத்தில் கடமை தவறியவர் யார் என்பதைவிட, அச்சமூட்டுபவரை யார் கடுமையாக அடக்குவார் என்பதுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

இன்னொன்றும் பேசப்படாமல் போயிற்று. மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8ஆகக் குறைக்கும் வாக்குறுதி கோத்தபயாவின் அறிக்கையில் இருந்தது. ஆட்சிக்கு வந்ததும் அது நிறைவேறியது. கடன்பட்ட நாட்டுக்கு இது தாங்குமா என்று தெருவில் கேட்டவர் மிகச் சிலர். 2022 ஏப்ரலில் இலங்கை அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது; மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர்; ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். வரிக் குறைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெருந்தொற்றும் உண்டு, பழைய கடனும் உண்டு. ஆயினும் 52 விழுக்காடு வாக்குப் பெற்றவரிடம் அன்று கணக்குக் கேட்டிருக்கலாம்.

2024 செப்டம்பர் 21 தேர்தலில் விலைவாசியும் கடனும் ஊழலுமே மேடையை ஆண்டன. வென்றவர் அநுர குமார திசாநாயக்கா. 1988இல் வாக்குச்சாவடிக்குப் போவோரை மிரட்டிய அதே ஜனதா விமுக்தி பெரமுனவின் தலைவர், வாக்குச்சாவடி வழியாகவே ஜனாதிபதி ஆனார்.

நண்பரின் தமக்கை அன்று காலையிலேயே போய் வாக்களித்துவிட்டாராம். யாருக்கு என்று தம்பி கேட்டதற்கு, "அதை உனக்கு ஏன் சொல்ல வேணும்?" என்று சிரித்தாராம்.