நோட்டு உறவை முறிக்காது!



"தொண்டு அமைப்பை வாழ வைப்பது நம்பிக்கையா, பதிவேடா?" பதிவேடுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசின அக்கா என்ன சொன்னாங்க? "சம்பளம் வாங்காம உழைக்கிறவங்ககிட்டே போய்க் கணக்குக் கேட்கலாமா, அவமானம் இல்லையா?"ன்னாங்க. அக்கா, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றது யாரு? மாமன், மச்சான், சித்தப்பா, பெரியப்பா. ஆனாலும் வாசல்ல மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறது யாரு? மொய் நோட்டு! (சிரிப்பு) சந்தேகப்பட்டா எழுதறோம்? நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துல நாம மறந்துடக் கூடாதேன்னு எழுதறோம். நோட்டு உறவை முறிக்காது ஐயா, காப்பாத்தும்.

இப்போ கம்ப்யூட்டர் உலகத்துக்கு வாங்க. இன்டர்நெட்டுக்கு முன்னோடி அர்ப்பாநெட். அதற்கு விதி வகுக்க அமெரிக்காவில் கூடியவர்களில் பலர் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் கிராக்கர், 1969 ஏப்ரலில் முதல் குறிப்பை எழுதினார். அதற்கு வைத்த பெயரைப் பாருங்க: "கருத்துக் கேட்கிறோம்". உத்தரவு இல்லை, வேண்டுகோள்! அந்த வரிசையில் வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு எண். வெளியிட்ட பிறகு அதில் ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டார்கள். தப்பு இருந்தால் புது எண்ணில் புதுக் குறிப்பு வரும். இன்றைக்கு 9,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரு விதி ஏன் வந்தது என்று பேரப்பிள்ளை கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "எல்லாத்தையும் எழுதி வெச்சா எவன் மனசு விட்டுப் பேசுவான்?" நியாயமான கேள்வி. டெபியன் என்று உலகம் முழுக்கத் தொண்டர்கள் சேர்ந்து மென்பொருள் செய்யும் ஓர் அமைப்பு, 1993-ல் தொடங்கியது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-லேயே எழுதி ஒப்புக்கொண்டவர்கள். அவர்களுக்கும் இதே சங்கடம் வந்தது. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது இனி ரகசியம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் விவாதமும் ஓட்டுக் கணக்கும் எல்லோர் பார்வைக்கும்! ஆளை மறைக்கலாம் தம்பி, முடிவை மறைக்கக் கூடாது. (கைதட்டல்)

வெறும் நம்பிக்கை என்ன செய்யும்? எக்ஸ்இசட் என்று ஃபைல்களைச் சுருக்கும் சின்னக் கருவி. அதைச் சம்பளமில்லாமல் பல வருஷம் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் ஒரே மனிதர். களைத்துப் போன நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில், முகம் தெரியாத ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒழுங்கான வேலை. நம்பிக்கை வந்தது, சாவிக்கொத்தும் கைமாறியது. 2024-ல் உள்ளே ஒரு கள்ளக் கதவு!

அதன் திறவுகோலை எங்கே வைத்தார் தெரியுமா? எல்லோரும் பார்க்கும் மூலப் பதிவில் இல்லை. வெளியே அனுப்பும் பொட்டலத்தில் மட்டும் அந்தச் சில வரிகள்! திருடனுக்கே தெரியுது ஐயா, பதிவேட்டுக்குத்தான் பயப்படணும்னு. (பலத்த கைதட்டல்)

கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார் ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். 2024 மார்ச் 29-ல் ஊரறியச் சொன்னார். உடனே உலகமே பழைய ஏட்டைப் புரட்டியது. யார் எப்போது என்ன மாற்றினார், பொறுப்பைக் கொடு என்று யார் யார் நெருக்கினார்கள், எல்லாம் அதில் இருந்தது. அந்த ஏடு இல்லாவிட்டால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? வருஷக்கணக்கில் இலவசமாக உழைத்த அந்த அப்பாவி தலையில்தானே!

பதிவேடு கள்ளனைப் பிடிக்க மட்டும் இல்லை. நல்லவனைக் காப்பாற்றவும்தான். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க? நம்பிக்கை வேண்டாம்னு நான் சொல்லலை. அந்த நம்பிக்கை நாலு பேர் கேள்வி கேட்கும்போதும் நிற்கணும்னா பக்கத்துல ஒரு நோட்டு இருக்கணும். ஆகவே நடுவர் ஐயா, பதிவேடு பக்கமே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.