பீரோவை விட்டு வெளியே வந்த பதிவேடு
(கம்பத்தில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடிவதற்கு முன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக நம் பெண்கள் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்புகிறார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் திறப்பதையும் அவர்கள் பார்ப்பதில்லை, பூட்டுவதையும் பார்ப்பதில்லை. ரேஷன் கடைக்கு என்றைக்குச் சரக்கு வந்தது, என்றைக்குத் தீர்ந்தது என்பதையும் பிறர் சொல்லித்தான் கேட்க வேண்டும். மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தோழரின் கதையும் இதுதான். ஊர்ச் சங்கதி உழைப்பவனுக்கு எட்டாததற்கு அவன் சோம்பல் காரணமல்ல. ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் அவன் பிறருக்காக உழைத்துக் கொண்டிருக்கிறான்.

பீரோவில் பூட்டிக் கிடந்த பதிவேடுகள் பல இன்று இணையத்தில் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கும் செல்போனில் பார்க்கலாம். நம் ரேஷன் கடையில் என்ன சரக்கு இருப்பு என்று உணவு வழங்கல் துறையின் தளத்தில் கடைவாரியாகத் தெரியும். "சரக்கு வரவில்லை" என்று சொல்லும் கடைக்காரரிடம் அதைக் காட்டியே கேட்கலாம்.

இதை எந்தச் சர்க்காரும் மனமிரங்கித் தானமாகக் கொடுக்கவில்லை. ராஜஸ்தானத்தின் கூலி விவசாயிகள் 1990 மே தினத்தன்று 'மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர்வேலையின் கணக்கைக் காட்டு என்று கேட்டார்கள். ரகசியம் என்று மறுத்தார்கள் அதிகாரிகள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் கிராமத்தில் ஜனங்களைக் கூட்டி, கையில் கிடைத்த கணக்கைப் பகிரங்கமாக உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது அம்பலமாயிற்று. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டவர்கள் இவர்கள். யாரும் மனுப் போடுவதற்கு முன்பே ஆபீசுகள் தாமாகவே விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஆகவே செல்போனில் அந்தக் கணக்கைத் திறக்கும்போது நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

நூறுநாள் வேலையை எடுத்துக் கொள்வோம். 2008 ஏப்ரல் முதல் நாடெங்கும் எல்லா ஜில்லாக்களுக்கும் அச்சட்டம் வந்தது. யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி போயிற்று என்ற மஸ்டர் ரோல் ஊராட்சிவாரியாக இணையத்தில் ஏறியது. ஆண்டிபட்டியானாலும் மயிலாடும்பாறையானாலும் ஜாப் கார்டு எண்ணை வைத்துப் பார்க்க முடிந்தது. பிறகு, வேலைத்தளத்தில் ஆட்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரி முதல் அதைக் கட்டாயமாக்கினார்கள். நடந்தது என்ன? படத்தையே படம் பிடித்து அனுப்புகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் இலாகாவே சுற்றறிக்கை விட நேர்ந்தது!

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும், தோழர்களே. ஆபீஸ் என்ன எழுதிற்று என்பதைத்தான் இணையம் சொல்லும். வேலைத்தளத்தில் என்ன நடந்தது என்பது மண்வெட்டி பிடித்தவருக்குத்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருட்டு வெளிப்படும். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். அதை எதிர்த்து நாம் பேசுவது வேறு விஷயம். புதிய சட்டத்தின் பதிவேடுகளும் இதேபோல் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதை இன்றே கேட்டு வைக்கிறோம்.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்கள், அது கட்டப்படுகிறதா? சொந்தக் கணக்கைச் செல்போனில் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். கம்பெனி பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறது என்பதையும் பி.எப். இலாகாவின் தளம் காட்டும் என்பது பலருக்குத் தெரியாது. மூன்று ஷிப்டிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது நமக்கு மனப்பாடம். அந்த எண்ணும் இந்த எண்ணும் ஒத்துப் போகாவிட்டால், விடுபட்டவர் யார் யார் என்று பட்டியல் எடுப்பது சங்கத்தின் வேலை. காண்டிராக்ட் தொழிலாளியைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஏலக்காய்க்கும் இதே கதைதான். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் விலையை நறுமணப் பொருள் வாரியம் தன் தளத்தில் வெளியிடுகிறது. சராசரி விலையும் இருக்கும், உச்ச விலையும் இருக்கும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. "விலை விழுந்துவிட்டது, கூலி உயர்த்த வழியில்லை" என்று தோட்ட முதலாளி சொன்னால், விழுந்தது எவ்வளவு, ஏறியபோது நமக்குக் கிடைத்தது எவ்வளவு என்று தேதி போட்டுக் கேட்கலாம். காய் பறிக்கும் கைக்குக் காயின் விலை தெரியக் கூடாதா என்ன?

இடைஞ்சல்களும் உண்டு. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. நம் பாட்டியின் பெயரை அதில் கண்டுபிடிக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். சிக்னல் கிடைக்காத மலையடி ஊர்கள் இருக்கின்றன. வீட்டில் ஒரே ஒரு செல்போன் இருந்தால் அது ஆண்பிள்ளையின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறவளோ மனைவி. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

முன்பு டீக்கடை பெஞ்சில் ஒருவர் நம் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கோட் கிரானாவில் செய்ததும் அதுதான். இனி ஒவ்வொரு தெருவிலும் பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து, பெயர் பெயராக உரக்கப் படிக்கச் சொல்வோம். தனியாகப் பார்த்தவன் பயந்து பேசாமல் இருந்துவிடுவான். பத்துப் பேர் முன்னால் படித்துவிட்டால் அப்புறம் மூடி மறைக்க முடியாது.

வருகிற ஞாயிறு மாலை, ஜீப்புகள் திரும்பிய பிறகு, சங்க ஆபீசில் கூடுகிறோம். ஜாப் கார்டு, ரேஷன் கார்டு, பாங்கு பாஸ்புக், பி.எப். எண் எழுதிய சீட்டு, எது இருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள். செல்போன் இல்லாதவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம்.