அஞ்சிய வீரர்

வீரர் என்றால் அஞ்சாதவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வேதசாட்சிகளைப் பற்றிய கதைகளும் பெரும்பாலும் அவ்வாறே சொல்லப்படுகின்றன. சிங்கத்தின் முன்னும் தீயின் நடுவிலும் அவர்கள் புன்னகையோடு நின்றார்கள் என்று படிக்கிறோம். தேர்வு மண்டபத்திற்குள் நுழையும்போதே கை நடுங்கும் இளைஞன் ஒருவனுக்கு, 'இவர்கள் வேறு இனம், நான் வேறு இனம்' என்று தோன்றினால் அதில் வியப்பில்லை. மாணவ நண்பர்களே, அத்தகையோரை மனத்திற் கொண்டு, தாம் அஞ்சியதை மறைக்காமல் எழுதிவைத்த ஒரு கத்தோலிக்கரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் இங்கிலாந்து நாட்டின் தாமஸ் மோர்.

லண்டன் நகரிற் பிறந்த மோர் சட்டம் பயின்று, புகழ்பெற்ற வழக்கறிஞராகி, 1529-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் சான்சலர் ஆனார். அரசரின் அமைச்சர்களுள் முதன்மையானதும் நீதிபீடத்தின் உயர்நிலையும் ஒருங்கே சேர்ந்த பதவி அது. மன்னர் தம் மனைவி கேதரினை விலக்கி ஆன் பொலினை மணக்கவும், பாப்பரசரின் அதிகாரத்தை உதறவும் முற்பட்டார். மோர் 1532-இல் பதவியைத் துறந்தார். 1534 ஏப்ரலில், புதிய வாரிசுரிமைச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாணம் செய்யுமாறு அவரை அழைத்தார்கள். மறுத்தார். லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். இவ்வளவும் வரலாற்று நூல்களில் உள்ளதே. நான் சொல்ல வந்தது அவர் நெஞ்சினுள் நடந்த வழக்கு.

அவருடைய மூத்த மகள் மார்கரெட். கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். தந்தையின் உயிருக்கு உயிரானவர். எழுதுகோல் கிட்டாத வேளையில் கரித்துண்டால் அவருக்கு மோர் கடிதம் எழுதினார். அக்கடிதங்களில் என் உள்ளத்தைத் தொட்டது அவற்றின் ஒளிவுமறைவற்ற தன்மை. சிறைக்கு வருவதற்கு முன்பே எத்தனையோ இரவுகள் தாம் உறங்கவில்லை என்கிறார். கணவர் தூங்குகிறார் என்று எண்ணி மனைவி கண்ணயர்ந்திருக்க, தமக்கு என்னென்ன கேடு நேரலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாராம். விரலால் ஒரு சுண்டு சுண்டினாலும் அஞ்சும் அளவுக்குத் தம் உடல் வலிக்குக் கூசுவது என்றும் ஒப்புக்கொள்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர், நாட்டின் உயர்ந்த நீதிபீடத்தில் அமர்ந்தவர், பெற்ற மகளிடம் இதைச் சொல்வது எளிதா? அதிலும் அந்த மகளே பிரமாணம் செய்துவிட்டு, 'நீங்களும் செய்துவிடுங்கள், அப்பா' என்று மன்றாடிய காலம் அது. சிறையின் குளிரைவிட இந்த மன்றாட்டு அவரை வாட்டியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவர் எதைப் பற்றிக்கொண்டு நின்றார்? சுவிசேஷத்தில் இராயப்பர் கடல்மீது நடந்து இயேசுநாதரிடம் செல்லும் நிகழ்ச்சி உங்களுட் பலருக்குத் தெரிந்திருக்கும். காற்றைக் கண்டு அஞ்சியதும் அவர் மூழ்கத் தொடங்குகிறார், மூழ்கும்போதே கூவுகிறார், ஆண்டவர் கைநீட்டிப் பிடித்துக்கொள்கிறார். தாம் மூழ்க நேர்ந்தாலும் அவ்வாறே கூவி அழைக்கப்போவதாக மோர் மகளுக்கு எழுதினார். மூழ்கவே மாட்டேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தம் மனவுறுதியை அவர் சிறிதும் நம்பவில்லை. நம்பியது நீட்டப்படும் அந்தக் கையை.

இதனால்தான் அவர் சாவைத் தேடிப் போகவில்லை. வழக்கறிஞரல்லவா! பிரமாணத்தை மறுத்த காரணத்தை வெளியிடாமல் மௌனம் காத்தார். மௌனத்தைக் குற்றமாகக் கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று வாதாடினார். சாகத் துணிந்தவர் வெளிப்படையாகப் பேசினால் என்ன என்று விசாரணையில் அவரைக் குத்திக் கேட்டார்கள். தாமாகவே முன்சென்று உயிரைக் கொடுக்குமளவுக்குப் புண்ணிய வாழ்வு தம்முடையதன்று என்றும், அவ்வாறு துணிந்தால் அந்த அகந்தைக்காக ஆண்டவர் தம்மை விழவிடக்கூடும் என்றும் விடையிறுத்தார். தெய்வ நம்பிக்கையையும் முரட்டுத் துணிச்சலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் இவ்விடையைச் சற்று ஊன்றிப் பார்க்கட்டும்.

1535 மே 4-ஆம் நாள், கார்த்தூசியன் சபைத் துறவியர் சிலரைக் கொலைக்களத்திற்குக் கொண்டுசென்றார்கள். தம்மைக் காண வந்திருந்த மார்கரெட்டோடு சாளரத்தில் நின்று அதைப் பார்த்த மோர், மணமகன்கள் மணவீட்டுக்குப் போவதுபோல் போகிறார்களே என்று வியந்தார். அந்த மகிழ்ச்சி எல்லார்க்கும் கிட்டும் வரமன்று. கிட்டாதவர்களுக்காகவே எழுதியது போன்ற ஒரு நூல் சிறையில் அவர் கையில் உருவாகிக்கொண்டிருந்தது. கிறிஸ்துவின் துயரத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் அவர் எழுதிய கடைசி நூல் அது.

பூங்காவனத்தில் இயேசுநாதர் கலங்கினார், இரத்த வியர்வை சிந்தினார். தேவகுமாரனுக்கு அச்சம் ஏன்? பின்னால் வரப்போகும் கோழை நெஞ்சினர் தனித்துவிடப்பட்டதாக எண்ணாதிருக்க, அவர்களுடைய நடுக்கத்தையும் அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது மோர் கண்ட விடை. துணிந்தவன் முன்னே விரைந்து செல்லட்டும். நடுங்கும் ஆடு மேய்ப்பரின் ஆடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னே நடக்கலாம். அஞ்சுவதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. அச்சத்தின் பொருட்டு ஆண்டவரைக் கைவிட்டு ஓடுவதையே குற்றமாகக் கொண்டார். போர்வீரன் அடிபடுவதற்கு அஞ்சினாலும் அணியை விட்டு ஓடாதவரையில் அவன் வீரனே அல்லவா?

ஜூலை 1-ஆம் நாள் மரணதண்டனை விதித்தார்கள். தீர்ப்பு முடிவானபின், காக்கவேண்டிய மௌனம் இனி இல்லையென்று கண்டு, மோர் தம் மனத்திலிருந்ததை முழுமையாக எடுத்துரைத்தார். ஜூலை 6-ஆம் நாள் காலை கொலைமேடையின் படிகள் ஆட்டங்கண்டிருந்தன. ஏறுவதற்குச் சற்றுக் கைகொடுக்குமாறு சிறை அதிகாரியிடம் கேட்டவர், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். சுண்டு விரலுக்கு அஞ்சியவர் பேசிய வேடிக்கைப் பேச்சு இது! நானூறு ஆண்டுகள் கழித்து, 1935-இல், பதினோராம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அந்தக் கடைசி நூலின் மூல ஏடுகள் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் இருப்பது 1963-இல் அறிஞர்களுக்குத் தெரியவந்தது. மோர் தம் கைப்பட எழுதி, அடித்து, திருத்திய தாள்கள் அவை. பூங்காவனத்தில் பகைவர் இயேசுநாதர்மீது கைவைத்த இடத்தோடு எழுத்து நின்றுவிடுகிறது.