அன்றாட அசைவும் எமது ஆரோக்கியமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் முற்பகுதியில் இங்கு படித்தவர்கள் நாம். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை, பெற்றோல் தடை. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சைக்கிள்தான். வானொலி கேட்பதற்கும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் இயக்கினோம். வீட்டுக்கு வந்தால் கிணற்றில் தண்ணீர் அள்ளவேண்டும், அம்மியில் அரைக்கவேண்டும். அந்தக் காலம் திரும்ப வரவேண்டுமென்று எம்மில் எவரும் கேட்கமாட்டோம். ஆனால் அத்துடன் சேர்ந்து எமது உடலின் அசைவும் போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன் எமது கிளினிக்குக்கு ஒரு வகுப்புத் தோழி வந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றை அவளிடம்தான் கொடுப்போம். வெறுவயிற்றில் குருதிச் சீனி 168. “நான் முந்தியைவிடக் கூடச் சாப்பிடுறேல்லையடி” என்று அழுதாள். இதை உங்களுக்குச் சொல்ல அவளே அனுமதி தந்தாள்.

அவள் சொன்னது பொய்யல்ல. கோப்பைச் சோறு மாறவில்லை. சைக்கிள் ஸ்கூட்டியாயிற்று, கிணற்றுக்கு மோட்டார் வந்தது, அம்மியின் வேலையை மிக்சி செய்கிறது, பின்னேரம் ரீவிக்கு முன்னால் கதிரை. வேலை செய்யும் தசை குருதியிலுள்ள குளுக்கோசைத் தானே இழுத்தெடுக்கும். அசையாத தசைக்கு அது குறைவாகவே தேவை. மிஞ்சுவது கொழுப்பாகி வயிற்றைச் சுற்றிப் படிகிறது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை. உபதேசம் செய்யும் நாமும் அன்றிரவு அளந்து பார்த்தோம்: 87.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நடையால் மட்டும் நிறை விரைவாகக் குறையாது. அரை மணி நேரம் நடந்து செலவழித்த சக்தியை ஒரு சீனிப் பணிஸ் திருப்பித் தந்துவிடும். ஆகவே தேநீரில் சீனியையும், கோப்பையில் சோற்றையும் குறைத்து, மரக்கறியையும் கீரையையும் கூட்டவேண்டும். ஆனால் தராசின் முள் அசையாவிட்டாலும் நடை வீண்போவதில்லை. குருதி அமுக்கமும் சீனியும் குறையும், நித்திரை சீராகும். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களில், நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்தது. எழுபது கிலோ நிறையுள்ளவருக்கு அது ஐந்து கிலோதான்.

“நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். சமையல், பிள்ளைகளின் படிப்பு, மாமியின் மருந்து எல்லாம் எமது தலையில்தான். அந்த அரை மணி நேரத்தை வீட்டார் எமக்கு விட்டுத்தரவேண்டும். நாமும் கேட்டு வாங்கவேண்டும். முடியாத நாளில் சாப்பிட்டபின் பத்து நிமிடம் முற்றத்தில் நடவுங்கள். சந்தைக்கு ஸ்கூட்டியை விட்டுச் செல்லுங்கள். கர்ப்பகாலத்தில் சீனி இருந்தவர்கள் ஆண்டுதோறும் குருதியைப் பரிசோதியுங்கள். பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வெட்கம் எவரையும் மெலியச் செய்ததில்லை.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். சாதாரண தர வகுப்புக்கு வந்தவுடன் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு அறுபது நிமிட அசைவு தேவை. அதிபர் அவர்களே, வாரத்தில் இரண்டு பின்னேரங்கள் எமது மைதானத்தைப் பழைய மாணவிகளுக்குத் திறந்துவிடுங்கள். முதல் நாள் நாமும் அந்தத் தோழியும் வருவோம். இம்முறை ஓட்டமல்ல, நடைதான். நீங்களும் வாருங்கள்.