ஒற்றைக் கையும் ஒத்த போட்டியும்



போட்டியென்பது ஒத்தவரோடு ஒத்தவர் பொருதுவதாகும். பத்து வயதுச் சிறுவனைப் பதினெட்டு வயது இளைஞனோடு ஓடவிடுவோர் எவருமிலர். அதனாலன்றோ பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் வயதுப் பிரிவுகளை வகுத்துள்ளோம்? ஆயினும், பெல்மதுளை வட்டாரத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஒரு கையை இழந்த பிள்ளை இருப்பின், அன்று அதற்குரிய இடம் எது? நம்மிற் பலர் பார்வையாளர் வரிசையைக் காட்டுவோம். அதனை இரக்கமென்றும் எண்ணுவோம். அப்பிள்ளை வேண்டுவதோ இரக்கமன்று, நேர்மையான போட்டி.

அதற்கு வழி உண்டு. உடற்குறையுடையோர் பங்குபற்றும் பராலிம்பிக் விழா 1960 இல் உரோம் நகரில் தொடங்கியது. உறுப்பிழந்தோர் அதில் முதன்முறையாக இடம்பெற்றது 1976 இல், கனடாவின் தொரன்ரோ நகரிலாகும். இன்று மெய்வல்லுநர் போட்டிகளில் கைக்குறையுடையோருக்கு 45, 46, 47 என்னும் வகுப்புகள் உள்ளன. இரு கைகளிலும் குறையுடையோர் 45 ஆம் வகுப்பினர். ஓட்டத்தில், ஒரு கையை முழங்கைக்கு மேல் இழந்தோர் 46 இலும், அதற்குக் கீழ் இழந்தோர் 47 இலும் அடங்குவர். எறிதலில் ஒற்றைக் கைக் குறையுடையோர் யாவரும் 46 ஆம் வகுப்பினரே. விரல்களை மட்டும் இழந்தோர் இவ்வகுப்புகளிற் சேரார்.

ஓடுவது காலன்றோ, கை எதற்கு எனலாம். கைவீச்சே உடலின் சமநிலையைக் காப்பது. ஈட்டி எறிபவருக்கும் எறியாத கை உடலைத் திருப்பி நிறுத்தத் துணைசெய்கின்றது. ஆதலாற் பயிற்சி பெற்ற குழுவினர் வீரரின் உடலைப் பரிசோதித்து, அவர் இயங்கும் முறையையும் கண்டே வகுப்பை முடிவுசெய்வர்.

2021 இல் தோக்கியோவில் நம் நாட்டு இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, அந்நாளைய உலக சாதனையோடு இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கத்தை ஈட்டினார். இரண்டாமிடம் பெற்றவர் இந்தியாவின் தேவேந்திர ஜஜாரியா. ஜஜாரியா சிறுவயதில் மின்கம்பி தீண்டி இடக்கையை இழந்தவர். ஹேரத்துக்கோ கை உண்டு. 2008 இல் போரிற் பட்ட காயத்தால் அது வலுவிழந்தது. இழப்பின் உருவம் வேறாயினும் இயக்கத்துக்கு அது விளைக்கும் தடை ஒத்ததாதலால், இருவரும் ஒரே வகுப்பினராயினர்.

வகுப்பு இருந்தால் மட்டும் போதாது. போட்டியும் நடைபெறல் வேண்டும். 2004 இல் ஏதென்சில் தங்கம் வென்ற ஜஜாரியா, அடுத்த தங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 2008 இலும் 2012 இலும் அவர் வகுப்புக்குரிய ஈட்டி எறிதல் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவில்லை.

நம் பிள்ளைகளை அவ்வாறு காத்திருக்க விடலாகாது. ஒரு பாடசாலையில் இத்தகைய பிள்ளைகள் ஓரிருவரே இருப்பின், வலயந்தோறும் ஒன்றுசேர்த்துப் போட்டி நடத்தலாம். ஆசிரியர்களே, பெற்றோர்களே! அப்பிள்ளையின் பெயரையும் வீரர் பட்டியலில் எழுதுங்கள். வெல்வதும் தோற்பதும் அப்பிள்ளையின் உரிமை. களத்தில் இறக்குவது நம் கடமை.