மரக்கட்டையில் இறங்கிய வானம்



ஐரோப்பாவில் அச்சுக்கலை வேரூன்றி ஏறத்தாழ 30 ஆண்டுகளே ஆகியிருந்த காலம். 1482ஆம் ஆண்டில் வெனிசு நகரில் எர்கார்டு ராட்டோல்ட் என்னும் அச்சாளர், ஹைஜினசின் பெயரால் வழங்கும் இலத்தீன் வானநூலை மரச்செதுக்குப் படங்களோடு வெளியிட்டார். முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமான மகரம், சிறகு முளைத்த குதிரையாகிய பெகாசசு முதலிய உருவங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றின் உடலெங்கும் விண்மீன்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

ஆயினும், அந்த மீன்களை அவ்வாறே வானில் தேடினால் காண இயலாது. அவற்றின் இருப்பிடம் நூலின் உரையோடும் பொருந்தவில்லை. இதைத் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டில் அதே அச்சகம் யூக்ளிட்டின் வடிவியல் நூலை முதன்முதலாக அச்சேற்றி, நுட்பமான வரைபடங்களையும் தந்தது. வடிவியலில் படம் நிறுவலின் உறுப்பு. வானநூலிலோ அது கதையின் அணிகலன். அங்கே உருவம் ஆண்டது, விண்மீன் பணிந்தது.

1515ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. கணித அறிஞர் சிடேபியசும் வானியலறிஞர் ஐன்போகலும் விண்மீன்களின் இடங்களை வரையறுக்க, ஓவியர் டியூரர் அவற்றைச் சுற்றி உருவங்களைத் தீட்டினார். தாலமியின் பட்டியல் எண்கள் ஒவ்வொரு மீனுக்கும் இடப்பட்டன. 1603ஆம் ஆண்டில் பேயரின் விண்படத் தொகுதி இவ்வழியையே செப்புத்தகட்டில் தொடர்ந்தது.

விலங்குகள் வானத்திலிருந்து விரட்டப்படவில்லை, விண்மீன்களுக்குக் கட்டுப்பட்டன. 1922இல் வானியலார் ஏற்ற 88 விண்மீன் குழுக்களிலும் மகரமும் சிறகுக் குதிரையும் இன்றளவும் வாழ்கின்றன. கற்பனை உண்மைக்குப் பணிந்ததால் அழியவில்லை, நிலைபெற்றது.